பதறினால் கையை விடு: கைட்சர்ஃபிங் பழக நினைக்கும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு

ஆண்டுக் கடைசியில் வடகிழக்குப் பருவக்காற்று இறங்கியதும் மலேசியாவின் கிழக்குக் கரை மீனவர்கள் படகை ஏற்றிக் கட்டிவிட்டு வலையைப் பழுது பார்க்க உட்காருவார்கள். அதே காற்றுக்காக மாதக்கணக்கில் காத்திருந்த இன்னொரு கூட்டம் அப்போதுதான் கடலுக்கு வரும். குவாந்தானை அடுத்த பாலோக், அதற்கும் வடக்கே செராதிங் பக்கம் நவம்பர் முதல் மார்ச்சுக்குள் போனால் பார்க்கலாம். காலில் ஒரு பலகை, இடுப்பில் அகலமான பட்டை, இருபது மீட்டருக்கு மேல் உயரத்தில் ஒரு பெரிய பட்டம். அந்தப் பட்டம் ஆளை இழுத்துக்கொண்டு அலைமேல் ஓடும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டின் பந்தய வடிவம் முதல்முறையாக இடம்பெற்றது. பாலத்துக்கு அந்தப் பக்கத்துச் சிங்கப்பூருக்காக 17 வயது மாக்ஸ் மேடர் வெண்கலம் வாங்கினார்.

ஜொகூரின் குளுவாங் பக்கமும் இப்போது இந்தப் பேச்சு வந்துவிட்டது. காஹாங், ஜெமாலுவாங் வழியாகச் செம்பனைக்கு நடுவிலேயே ஓட்டிப் போனால் மெர்சிங் கரை. யூடியூப் பார்த்துவிட்டு, பழைய பட்டம் ஒன்றுக்கு இணையத்தில் விலையும் பேசி முடித்துவிட்டுத்தான் பையன்கள் வருகிறார்கள். "அண்ணே, காத்து எப்போ வரும்?" என்பது அவர்களுடைய கேள்வி. காற்று தன்பாட்டுக்கு வரும். வந்த காற்றை எப்படிக் கைவிடுவது என்று அவர்களில் யாரும் கேட்பதில்லை. பாதுகாப்பு என்று தனியாக ஒரு பாடம் இந்த விளையாட்டில் கிடையாது. கைவிடக் கற்பதுதான் பாடமே.

கருவியைப் புரிந்துகொண்டால் மற்றது தானாகப் புரியும். பட்டத்தின் முன்விளிம்பு காற்றடைத்த குழாய். அதனால் தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும், மறுபடி எழுப்பலாம். இந்த வடிவத்துக்குப் பிரான்ஸின் லெகேனு சகோதரர்கள் 1984இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். பட்டத்திலிருந்து நான்கு அல்லது ஐந்து கயிறுகள், பெரும்பாலும் 20 முதல் 24 மீட்டர் நீளத்தில், கையிலுள்ள தடிக்கு வரும். தடியை எல்லாரும் பார் என்பார்கள். முன்கயிறுகள் பாரின் நடு ஓட்டை வழியாக வந்து ஒரு வளையத்தில் முடியும். சிக்கன் லூப் எனப்படும் அந்த வளையம் இடுப்புப் பட்டையின் கொக்கியில் மாட்டும். ஆக, இழுவையைத் தாங்குவது இடுப்பு, கையல்ல. பின்கயிறுகள் பாரின் இரு முனைகளில் கட்டியிருக்கும். பாரை உங்களை நோக்கி இழுத்தால் பின்கயிறுகள் இறுகும், பட்டம் காற்றை அதிகமாகப் பிடிக்கும், இழுவை கூடும். பாரைத் தள்ளிவிட்டால் பட்டம் படுத்துக்கொள்ளும், இழுவை குறையும்.

புது ஆளுக்கு ஆபத்து இந்த அமைப்பிலேயே இருக்கிறது. பயந்த மனிதனின் கை எதையாவது இறுகப் பிடித்து நெஞ்சோடு அணைக்கும். முதன்முதலாகக் கப்சாய் மோட்டார் ஓட்டுகிறவன், வண்டி துள்ளியதும் பதறி எக்சலேட்டரை மேலும் முறுக்கி வேலிக்குள் போய் விழுவானே, அதே கதைதான். பட்டம் பலமாக இழுக்கிறது, பயம், பாரை அணைக்கிறான், பட்டம் இன்னும் பலமாக இழுக்கிறது. கரையில் பார்ப்பவனுக்கு 'விடு, விடு' என்று கத்தத் தோன்றும். அவன் காதுக்கு அது எட்டாது, எட்டினாலும் கை கேட்காது. ஆகவேதான் நல்ல பயிற்றுநர்கள் முதல் நாள் பலகையைக் கண்ணிலேயே காட்டமாட்டார்கள். பாரை விட்டால் தீங்கில்லை என்று கை நம்பும்வரை அதையே திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வார்கள். பையன்களுக்குச் சலிப்பாக இருக்கும். சலிக்கட்டும்.

கைவிடுவதில் மூன்று படிகள் உண்டு. முதல் படி, பாரை விடுவது. பட்டம் காற்றின் ஓரத்துக்கு நகர்ந்து பெரும்பாலான இழுவையை இழக்கும். பயிற்சிக்கு ஏற்ற காற்றில் பத்துக்கு ஒன்பது பதற்றங்கள் இங்கேயே அடங்கிவிடும் என்பது என் கணிப்பு. அடங்காவிட்டால் இரண்டாம் படி: சிக்கன் லூப்புக்கு மேலே உள்ள குயிக் ரிலீஸ். இப்போது வரும் பெரும்பாலான கருவிகளில் அதைப் பிடித்து உடம்பிலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளினால் வளையம் திறந்துகொள்ளும். பார் கயிற்றோடு ஓடிவிடும். பட்டம், இடுப்புப் பட்டையிலிருந்து லீஷ் என்ற குட்டை வார் பிடித்திருக்கும் ஒற்றைக் கயிற்றில் மட்டும் தொங்கி, காற்றுப் பிடிக்க முடியாமல் துணிபோலத் தண்ணீரில் விழும். அப்போதும் அது உங்களோடுதான் இருக்கும், திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, லீஷையே கழற்றுவது. உங்கள் பட்டம் இன்னொருவர் பட்டத்தோடு சிக்கிக்கொண்டு சுழல்கிறது, அல்லது ஓடும் படகில் கயிறு மாட்டிவிட்டது. ரிலீஸ் செய்தும் இழுவை நிற்கவில்லை. அந்த நேரத்துக்கு மட்டும் இது. கழற்றிய பிறகு பட்டம் கயிறும் பாருமாகக் காற்றுப் போகும் திசையில் பறக்கும், எதிரில் யார் இருந்தாலும் வெட்டும். ஆயிரக்கணக்கான வெள்ளி போகிறதே என்ற தயக்கம் வேண்டாம், ஆனால் முடிந்தால் ஒரு கண நேரம் அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

குயிக் ரிலீஸ் எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு கை கண்டுபிடிக்க வேண்டும். அலை முகத்தில் அடிக்கும்போது குனிந்து தேட நேரம் கிடைக்காது. வலக்கையால் செய்து பாருங்கள், இடக்கையாலும் செய்து பாருங்கள்.

இனி, பட்டம் எங்கே நின்றால் எவ்வளவு இழுக்கும் என்பது. காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். உங்கள் முன்னால் ஒரு பெரிய கடிகாரம் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்: தலைக்கு மேல் 12, இடக்கைப் பக்கம் 9, வலக்கைப் பக்கம் 3. பட்டம் பறக்கக்கூடிய வெளி அதற்குள் அடங்கும். 9, 12, 3 வழியாகப் போகும் விளிம்பில் இழுவை குறைவு. நடுவில், உங்கள் மூக்குக்கு நேர் எதிரே, இழுவை மிக அதிகம். பட்டம் விளிம்பிலிருந்து நடுவைக் குறுக்காகக் கடந்து பாயும்போது வேகமும் சேர்ந்துகொள்ளும். கரையிலிருந்து பட்டத்தை எழுப்பும்போது அது விளிம்பில்தான் இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் இது. உதவிக்கு நிற்பவர் நடுவில் போய் நின்று பட்டத்தை விட்டால், பிடித்திருப்பவர் மணலில் இழுபட்டுப் போவார்.

12இல் இழுவை குறைவு என்றதும் அங்கேயே பட்டத்தை நிறுத்திவிட்டுக் கரையில் நின்று கதை பேசுகிறவர்கள் உண்டு. திடீரென்று ஒரு காற்று வீச்சு வந்தால் 12இல் நிற்கும் பட்டம் ஆளை மேலே தூக்கும். தண்ணீரில் தூக்கினால் தண்ணீரில் விழலாம். கரையில் தூக்கினால் சவுக்கு மரம், கார் நிறுத்துமிடம், சிமெண்டுப் பெஞ்சு. கரையில் நிற்கும் நேரம் பட்டம் கடல் பக்கம், தாழ்வாக இருக்கட்டும். அந்த நேரமும் முடிந்தவரை குறைவாக இருக்கட்டும்.

காற்றைப் பற்றிப் பலருக்கும் தெரியாத கணக்கு ஒன்று இருக்கிறது. காற்றின் விசை அதன் வேகத்தின் இருமடிப்படி கூடும். கடலில் காற்றை நாட் கணக்கில் சொல்வார்கள். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். 10 நாட் காற்று 20 ஆனால் விசை இரண்டு மடங்கில் நிற்காது, நான்கு மடங்காகும். 12 நாட் 17 ஆனாலே இரண்டு மடங்கு. வெறும் ஐந்துதானே என்று தோன்றும் அந்த வித்தியாசத்தில், காலையில் அடக்கமாக இருந்த அதே பட்டம் மதியம் ஆளைப் புரட்டும். பழகுகிறவர்களுக்கு 12இலிருந்து 18 நாட் வரை, சீராக வீசும் காற்று போதும். கிலோமீட்டரில் சொன்னால் 22 முதல் 33. சீராக என்பதை அழுத்திச் சொல்கிறேன். 10க்கும் 22க்கும் இடையில் ஏறி இறங்கும் காற்றின் சராசரி 16 என்று காட்டும் செயலி உங்களைக் காப்பாற்றாது. சராசரிக்குப் பக்கத்திலேயே வீச்சு எவ்வளவு என்றும் போட்டிருக்கும், அதைப் பாருங்கள்.

மலேசிய வானிலை ஆய்வுத் துறை கடலுக்கான எச்சரிக்கையை மூன்று நிலைகளில் தருகிறது. முதல் நிலை என்பதே மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் காற்று, 3.5 மீட்டர்வரை அலை. 'முதல் நிலைதானே' என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். மேலே உள்ள கணக்கோடு வைத்துப் பாருங்கள்: 40 கிலோமீட்டர் என்றால் ஏறக்குறைய 22 நாட். மிகக் குறைந்த எச்சரிக்கையே புது ஆளின் எல்லையைத் தாண்டித்தான் தொடங்குகிறது. வடகிழக்குப் பருவத்தில் இந்த எச்சரிக்கை அடிக்கடி வரும். அன்றைக்கு மெர்சிங்வரை போயிருந்தாலும் கரையில் உட்கார்ந்து மற்றவர்கள் பட்டம் ஏற்றுவதைப் பார்த்துவிட்டு, மீ கோரேங் சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம். பார்த்துக் கற்பதும் கற்பதுதான். பெட்ரோலுக்குச் செலவழித்தாயிற்றே என்று இறங்குகிறவனைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

திசை, வேகத்தைவிட முக்கியம். கரைக்குப் பக்கவாட்டாக, சற்றே கரையை நோக்கி வீசும் காற்றுதான் பழகுவதற்கு ஏற்றது. பலகையைத் தவறவிட்டாலும் பட்டம் விழுந்தாலும் கொஞ்ச தூரம் தள்ளி அதே கரைக்கு வந்துசேருவீர்கள். நேராகக் கரையை நோக்கி அடிக்கும் காற்று உங்களைக் கடலுக்குக் கொண்டுபோகாது, நிலத்தில் மோதும். வடகிழக்குப் பருவத்தில் நம் கிழக்குக் கரையில் பல இடங்களில் காற்று இப்படித்தான் வரும். ஆகவே அந்தப் பருவத்தில் புது ஆள் கடலைப் பார்த்துப் பயப்படுவதைவிட முதுகுக்குப் பின்னாலுள்ள மரத்தையும் விளக்குக் கம்பத்தையும் பார்த்துப் பயப்படுவது நல்லது. காற்றுப் போகும் பக்கத்தில் இரண்டு கயிற்று நீளமாவது, அதாவது ஐம்பது மீட்டராவது, வெறும் மணலோ தண்ணீரோ இருக்க வேண்டும்.

கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவது மூன்றாவது வகை. ஆண்டு நடுவில் தென்மேற்குப் பருவம் வரும்போது கிழக்குக் கரையில் இது சாதாரணம். ஏமாற்றும் காற்று இது. கரையோரத் தண்ணீர் கண்ணாடியாகக் கிடக்கும், அலையே இருக்காது, 'இன்றைக்குத்தான் பழக நல்ல நாள்' என்று மனம் சொல்லும். உள்ளே போகப் போகக் காற்று பலக்கும், பட்டம் ஒருமுறை விழுந்தால் திரும்பிவர வழியிருக்காது. மீட்புப் படகு தயாராக இல்லாமல் அந்தக் காற்றில் யாரும் இறங்கக்கூடாது, பழகியவர்கள்கூட.

போர்ட்டிக்சன், மோரிப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மேற்குக் கரையில் ஏப்ரலிலிருந்து நவம்பர்வரை சுமத்ரா பக்கமிருந்து விடியலையொட்டி வரிசையாகப் புயல்மேகம் கடந்து வரும், கூடவே திடீர்க் காற்றும் இடியும். கருமேகம் எழும்பி, சில்லென்று ஒரு காற்று முகத்தில் பட்டால் அதுதான் முன்னறிவிப்பு. அதற்கு முன்பே பட்டம் தரையில் இருக்க வேண்டும். இடி காதில் விழுந்தபின் ஈரக் கயிற்றின் முனையில் நிற்பது பைத்தியக்காரத்தனம்.

ஊர்த் திடலில் பழகலாமா என்று கேட்கிறார்கள். இரண்டு மூன்று சதுர மீட்டர் பயிற்சிப் பட்டம் என்றால் தாராளமாகப் பழகலாம். கடிகார வெளியைக் கைக்குப் பழக்க அதைவிட மலிவான வழியில்லை. பெரிய பட்டம் கூடவே கூடாது. நம் திடல்களைச் சுற்றி உயரமான செம்பனை நிற்கிறது. மரத்தைத் தாண்டி வரும் காற்று அதன் உயரத்தைப்போல் பல மடங்கு தூரம்வரை சுழன்று குழம்பித்தான் வரும். அந்தக் காற்றில் பட்டம் சட்டென்று தொய்ந்து சட்டென்று இறுகும். மின்கம்பியும் இருக்கிறது. நீள அலுமினியக் கம்பால் குலை வெட்டிய அப்பாவிடமோ தாத்தாவிடமோ கேளுங்கள், மின்கம்பி ஓடும் வரிசையில் எப்படி வேலை பார்ப்பார்கள் என்று சொல்வார். நனைந்த கயிறும் மின்சாரத்தைக் கடத்தும். குளுவாங்காரர்களுக்கு மட்டும் இன்னொன்று: மக்கோத்தா முகாமின் ஹெலிகாப்டர்கள் பறக்கும் பக்கத்துத் திடல்களை விட்டுவிடுங்கள்.

நீச்சல். தயக்கமில்லாமல் சொல்லிவிடுகிறேன், நம் தோட்டத்துப் பிள்ளைகளில் பலர் கடலில் நீந்திப் பழகியவர்கள் இல்லை. ஆற்றிலும் ஈயக்குட்டையிலும் குதித்தது வேறு. கால் எட்டாத, அலையடிக்கும் தண்ணீரில் பதறாமல் மிதக்கத் தெரியாதவர் முதலில் நகராட்சி நீச்சல் குளத்துக்குப் போக வேண்டும், பட்டம் அடுத்த பருவத்துக்குக் காத்திருக்கட்டும். இம்பாக்ட் வெஸ்ட் என்று விற்கும் மெல்லிய ஜாக்கெட் விழும் அடியைத் தாங்கும், ஓரளவு மிதக்கவும் உதவும். அது உயிர்காப்பு ஜாக்கெட் அல்ல. மயங்கியவரின் முகத்தை அது மேலே வைக்காது. தலைக்கவசம் கட்டாயம். பலகையைக் காலோடு கயிற்றால் கட்டாதீர்கள். இழுபட்டுத் திரும்பி வரும் பலகை நேராகத் தலைக்குத்தான் வரும். பலகை இல்லாமல், பட்டத்தின் இழுவையில் உடம்பாலேயே தண்ணீரைக் கிழித்துப் போய் அதை எடுப்பது எப்படி என்று வகுப்பில் சொல்லித்தருவார்கள். அது வருவதற்கு முன் பலகையில் ஏறுவது அவசரம்.

பழைய பட்டம் வாங்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலிவாகக் கிடைக்கும் பதினைந்து இருபது வருடப் பட்டங்கள் சிலவற்றில் பாரைத் தள்ளினாலும் இழுவை முழுதாகப் போகாது. அந்தக் காலத்து வடிவம் அப்படி. ரிலீஸும் பாரம் ஏறிய நிலையில் திறக்கச் சிரமப்படும். ரிலீஸ் எப்படித் திறக்க வேண்டும் என்பதற்கு ஐஎஸ்ஓ 21853 என்ற தரம் 2020இல் வந்தது. துணி பழையதாக இருந்தால் தைத்துக்கொள்ளலாம், பாரும் ரிலீஸும் மட்டும் புதிதாக, அந்தப் பட்டத்துக்குப் பொருந்துவதாக இருக்கட்டும். காசு குறைவென்றால் பட்டமே வாங்காமல் வகுப்புக்குக் கட்டுங்கள். வகுப்பில் கருவி அவர்களுடையது.

ஏற்றும்போது நடக்கும் விபத்துகளில் நிறைய, கயிறு மாற்றி மாட்டியதால் வருவது. ஒரு பின்கயிறும் முன்கயிறும் இடம் மாறினால் பட்டம் எழும்பியதும் நடுவில் சுழன்று சுழன்று பாயும், நிறுத்த முடியாது. பாரிலிருந்து பட்டம்வரை ஒவ்வொரு கயிறாக நடந்து பாருங்கள். பாரின் சிவப்புப் பக்கம் இடக்கைக்கு. மாட்டியதை உதவியாளரையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். லீஷ் மாட்டியாயிற்றா, ரிலீஸ் வேலை செய்கிறதா என்று கேட்பதும் அவர் வேலை. எல்லாம் சரியென்றால் கட்டைவிரலை உயர்த்துங்கள், அவர் பட்டத்தை விடுவார். தூக்கி எறியக்கூடாது, கையைத் திறந்தால் போதும். இறக்க வேண்டும் என்றால் உச்சந்தலையைத் தட்டிக் காட்டுங்கள். உலகம் முழுக்க அதுதான் சைகை. இறுகிய கயிற்றைக் கையால் பிடிக்கக்கூடாது, விரலில் சுற்றவே கூடாது. மீன்பிடி நரம்பில் விரல் அறுபட்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. தரையில் இருக்கும் பட்டத்தின்மேல் மணல் அள்ளிப் போடுங்கள். போடாமல் தேநீர் குடிக்கப் போனால் அது தானாக எழுந்து யாரோ ஒரு குழந்தையின்மேல் போய் விழும்.

தண்ணீரில் வழிவிடும் ஒழுங்கு இருக்கிறது. எதிரெதிரே வந்தால் வலக்காலை முன்வைத்து ஓடுகிறவருக்கு வழி. கரையிலிருந்து கிளம்புகிறவருக்குத் திரும்பி வருகிறவர் விட வேண்டும். குறுக்கே கடக்கும்போது காற்று வரும் பக்கத்தில் இருப்பவர் பட்டத்தை உயர்த்துவார், மற்றவர் தாழ்த்துவார். குளிப்பவர்களுக்கும் மீனவர்களுக்கும் எப்போதும் நாம்தான் ஒதுங்க வேண்டும். சனி ஞாயிறு குடும்பங்கள் பாய் விரித்திருக்கும் இடத்தில் பட்டம் ஏற்றாதீர்கள். ஒரு விபத்து நடந்தால் அந்தக் கரையில் எல்லாருக்கும் தடை வரும், அந்தக் கோபம் நியாயமானதுதான்.

தனியாக இறங்குவது வேண்டாம். கரையில் ஒருவராவது, கைப்பேசியோடு, நீங்கள் எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்று தெரிந்தவராக நிற்க வேண்டும். அவசர எண் 999. ஆழத்தில் காற்று நின்றாலோ பட்டம் எழும்பாவிட்டாலோ ரிலீஸ் செய்யுங்கள். லீஷ் பிடித்திருக்கும் கயிற்றைக் கையில் சுற்றாமல் பிடித்துப் பிடித்து பாரை எட்டுங்கள். அந்த ஒற்றைக் கயிற்றைச் சில மீட்டர் முதலில் பாரில் சுற்றிக்கொண்டால் பட்டம் மறுபடி காற்றுப் பிடிக்காது. பிறகு எல்லாக் கயிறுகளையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டே பட்டத்தை அடையுங்கள். அதுதான் உங்கள் மிதவை, ஓரத்தைப் பிடித்து வளைத்தால் பாயாகவும் ஆகும், காற்று கரைப்பக்கம் இருந்தால் தானே கொண்டுபோய்ச் சேர்க்கும். பட்டத்தை விட்டுவிட்டு நீந்தாதீர்கள். தண்ணீரில் தலையைத் தேடுவது கடினம், பட்டம் தூரத்திலிருந்தே தெரியும். இதை இடுப்பளவு தண்ணீரில் முதலில் செய்து பார்க்க வேண்டும். கயிறு உடம்பில் சிக்கினால் அறுக்க ஒரு கொக்கிக் கத்தி இடுப்புப் பட்டையில் இருக்கட்டும்.

பயிற்றுநரைத் தேடும்போது ஐகேஓ (அனைத்துலகக் கைட்போர்டிங் அமைப்பு) போன்ற அமைப்பின் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். கூடவே, முதல் நாள் என்ன செய்வோம் என்றும் கேளுங்கள். 'முதல் நாளே பலகையில் நிற்க வைக்கிறேன்' என்று சொல்பவரைவிட, 'முதல் நாள் முழுக்கக் கரைதான், ரிலீஸ்தான்' என்பவரிடம் பணம் கட்டலாம். ஒரே நேரத்தில் எத்தனை பேருக்குச் சொல்லித்தருகிறார், படகு இருக்கிறதா, காற்று சரியில்லாத நாளில் காசைத் திருப்பித் தருவாரா என்பதையும் விசாரியுங்கள். கடைசிக் கேள்வி அற்பமாகத் தோன்றலாம். காசு திரும்பாது என்றால் காற்று சரியில்லாத நாளிலும் இறங்க உங்களுக்கே ஆசை வரும்.

கரையேறியதும் பட்டத்தைவிட முதலில் குயிக் ரிலீஸை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்பும் மணலும் அதற்குள் காய்ந்தால் அடுத்த முறை திறக்காது. கழுவியபின் ஒருமுறை திறந்து மூடிப் பார்த்துவிட்டுப் பைக்குள் வையுங்கள்.